சேற்றில் உருளும் ரோலருக்கு எந்த பேரிங்?

போன சம்பா அறுவடையின்போது பெல்ட் வண்டி ஒன்று, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம், எங்கள் லேத் பட்டறைக்கு வந்தது. வந்தது என்றால், டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெல்ட்டின் மேல் உருண்டு வண்டியைத் தாங்கும் பாட்டம் ரோலர் ஒன்று ஜாம் ஆகிவிட்டது. அது சுற்றாமல் நிற்க, பெல்ட் அதன் மேல் இழுபட்டு, ரோலரின் ஒரு பக்கம் தட்டையாகவே தேய்ந்திருந்தது. கழற்றினோம். ஷாஃப்டைச் சுற்றி வைக்கோல் கயிறாக முறுக்கி இறுகியிருந்தது. கத்தியால் அறுத்து எடுத்த பிறகுதான், சேறு உள்ளே போகாமல் தடுக்கும் ஆயில் சீல் கண்ணில் பட்டது. ஷாஃப்டை உரசி நிற்க வேண்டிய அதன் ரப்பர் லிப் போன இடம் தெரியவில்லை. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்த டீ நிறத்தில் ஒரு குழம்பு. துடைத்துப் பார்த்தால் பேரிங்கின் உள் ரேஸில், அதாவது குண்டு ஓடும் வளையத்தில், சம இடைவெளியில் துருக்கோடுகள்: குறுவைக்குப் பிறகு வண்டி நின்ற மாதங்களில் ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டது.

வண்டிக்காரர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, இதைவிடப் பெரிய பேரிங்கா போட்டுக் குடுத்துடேன்."

மன்னார்குடிப் பக்கம் இந்தக் கேள்வி வராத அறுவடைப் பருவம் இல்லை. பெரிய பேரிங் போட்டால் தீருமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ரோலரின் வெளி விட்டம் 200 மி.மீ. உள்ளே 90 மி.மீ. வரை துளை போடலாம். ஷாஃப்ட் 40 மி.மீ. நீளத்தில் நமக்குக் கிடைப்பது 60 மி.மீ.; ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் சீல். நெல்லோடு வண்டி நாலு டன் என்று வையுங்கள். சமதளத்தில் அந்த எடை பத்துப் பன்னிரண்டு ரோலருக்குப் பிரிந்துவிடும். வரப்பு ஏறும்போதுதான் ஒரு பக்கத்து எடை முழுக்க ஒன்றிரண்டு ரோலரில் தொங்கும். அதனால் ஒரு பேரிங்குக்கு ஒரு டன், அதாவது 10 கிலோ நியூட்டன், எந்நேரமும் இருப்பதாகக் கடுமையாகவே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருந்தது 6308 பால் பேரிங். கேட்டலாக்கில் அதன் டைனமிக் லோடு, அதாவது ஆயுள் கணக்குக்கான சுமை எண், சுமார் 41 கிலோ நியூட்டன். 41-ஐ 10-ஆல் வகுத்து, வந்த 4.1-ஐ மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் (4.1 × 4.1 × 4.1) 69 வரும். 69 மில்லியன், அதாவது ஏறக்குறைய 7 கோடி சுற்று. நூறு பேரிங் போட்டால் தொண்ணூறு அதைத் தாண்டும் என்று அர்த்தம். வண்டி விநாடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் ரோலர் நிமிடத்துக்கு 95 சுற்று. கணக்கு 12,000 மணி நேரத்தில் வந்து நிற்கிறது. வருஷத்துக்கு 1,000 மணி நேரம் ஓட்டினாலும் 12 வருஷம்.

அதே 40 உள், 90 வெளி, 23 அகலத்தில் என்.யு. 308 என்று உருளை ரோலர் பேரிங் கிடைக்கும். குண்டு ஒரு புள்ளியில் தாங்குகிறது, உருளை ஒரு கோட்டில் தாங்குகிறது. அதனால் அதே இடத்துக்குள் லோடு 90 கிலோ நியூட்டனைத் தொடும். உருளை பேரிங்குக்கு அந்த மடிக்கணக்கும் மூன்று இல்லை, 10/3; சுமை பாதியானால் ஆயுள் பத்து மடங்கு. அந்தக் கணக்கில் இது 250 வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும்! சேற்றுக்கு 12-ம் ஒன்றுதான், 250-ம் ஒன்றுதான். இரண்டு வகையும் ஒரே போகத்தில் போய்விடும், ஏனென்றால் எந்த வகையானாலும் ரோலருக்கு இரண்டு பேரிங் போட்ட பிறகு 60-ல் சீலுக்கு மிஞ்சுவது அதே 14 மி.மீ.

அதனால் கேட்டலாக்கில் என் கண் முதலில் போவது லோடு எழுதிய பத்திக்கு அல்ல, அகலத்துக்கு. பேரிங் இரண்டையும் போட்ட பிறகு சீலுக்கு எவ்வளவு மிச்சம்? "காம்பாக்ட்" என்று விற்கிறவற்றை இந்த ஒரு கேள்வியோடு பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

ஊசி பேரிங்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என்.ஏ. 4908-க்கு வெளி விட்டம் 62 மி.மீ.தான். லோடோ அந்தப் பெரிய 6308 அளவுக்கே இருக்கிறது. 28 மி.மீ. விட்டம் மிச்சம்! நானும் இதைப் பார்த்து ஒருமுறை மயங்கினேன். வண்டி வயல் ஓரத்தில் நின்ற இடத்திலேயே திரும்பும்போது பெல்ட் ரோலரைப் பக்கவாட்டில் தள்ளும். ஊசி பேரிங் அந்தத் தள்ளலைக் கொஞ்சமும் வாங்காது. பக்கத்துக்கு ஒரு வாஷர் வைத்தேன். நாற்பது ஏக்கர் தாண்டவில்லை, வாஷர் பிளேடு மாதிரி தேய்ந்து வந்தது. கியர் பாக்ஸுக்குள் எண்ணெயில் மிதக்கும் இடங்களுக்கு ஊசி பேரிங் தங்கம். ரோலருக்கு வேண்டாம்.

என்.யு. வகைக்கும் பக்கவாட்டுத் தள்ளல் ஆகாது. என்.யு.பி. என்ற அதன் தம்பி ஓரளவு தாங்கும், இரண்டு பக்கமும் விளிம்பு இருப்பதால். ஆனால் இந்தக் குடும்பத்துக்கே கோணல் பிடிக்காது. மூன்று நான்கு ஆர்க் நிமிடம்தான் அனுமதி. அது எவ்வளவு என்றால் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மி.மீ. சாய்வு. அதைத் தாண்டினால் உருளையின் ஓரம் மட்டும் ரேஸில் அழுந்தி உரிய ஆரம்பிக்கும். இப்போது வருகிற நல்ல பேரிங் உருளைகளின் முனையை மைக்ரான் கணக்கில் லேசாக வளைத்துத் தேய்த்திருப்பதே இந்த ஓர அழுத்தத்துக்காகத்தான். வெல்டிங் செய்த சேசிஸில் ஒரு மீட்டருக்கு ஒரு மி.மீ. எல்லாம் நடக்கிற காரியமா?

மீதி இருப்பது டேப்பரும் ஸ்பெரிகலும். இங்கேதான் பட்டறைக்குப் பட்டறை சண்டை.

இரண்டும் பிறந்த கதையைக் கேட்டாலே பாதித் தீர்ப்பு வந்துவிடும். டேப்பர் பேரிங்குக்கு 1898-ல் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கன் அமெரிக்காவில் குதிரை வண்டி செய்தவர். வண்டி நேராகப் போகும்போது எடை மேலிருந்து வரும், திரும்பும்போது பக்கத்திலிருந்தும் வரும். இரண்டையும் ஒரே பேரிங் வாங்க வேண்டும் என்றுதான் உருளையைக் கூம்பாகச் சாய்த்தார். ஸ்பெரிகலின் தலைமுறை வேறு. ஸ்வீடனில் கோத்தன்பர்க் ஊரில் ஒரு துணி மில். தரை களிமண். தரை இறங்க இறங்க நீள ஷாஃப்டுகள் கோணலாகி பேரிங் போய்க்கொண்டே இருந்தது. அந்த மில்லில் வேலை பார்த்த ஸ்வென் விங்க்விஸ்ட் 1907-ல் தானாகவே கோணலுக்கு வளைந்து கொடுக்கும் பால் பேரிங்கைச் செய்தார். எஸ்.கே.எஃப். என்ற பேரிங் கம்பெனி தொடங்கியது அப்படித்தான். 1919-ல் அதே நிறுவனத்தின் அர்விட் பாம்கிரென் குண்டுக்குப் பதில் பீப்பாய் வடிவ ரோலர்களைப் போட்டார், அதுதான் ஸ்பெரிகல்.

களிமண் தரை, நீள ஷாஃப்ட் என்றதும் நம்ம ஊர் ரைஸ் மில் ஞாபகம் வருகிறதா? வர வேண்டும். எலிவேட்டர் தலை ஷாஃப்ட், உமி ஊதும் புளோயர் எல்லாம் ஆங்கிள் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருப்பவை. மழைக்காலத்தில் தரை ஊறும், கோடையில் வெடிக்கும், சட்டம் நகரும். அங்கே ஸ்பெரிகல் போட்டால் ஒன்றரை டிகிரி வரை, அதாவது மீட்டருக்கு 26 மி.மீ. வரை, கோணலைப் பொறுத்துக்கொண்டு ஓடும். லோடும் பிரமாதம்: 22208-க்கு 23 மி.மீ. அகலத்திலேயே 95 கிலோ நியூட்டன் பக்கம். ரைஸ் மில்லில் பில்லோ பிளாக் பால் பேரிங் அடிக்கடி போகும் இடத்தில், பிளம்மர் பிளாக் என்ற இரும்புக் கூட்டில் ஸ்லீவோடு ஸ்பெரிகல் போடச் சொல்ல நான் யோசிப்பதே இல்லை.

ஆனால் அதே குணம்தான் சக்கரத்தில் வினையாகும். ஒரு ஸ்பெரிகலை ரோலரின் நடுவில் வைத்தால் ரோலர் தலையாட்டிப் பொம்மை. ஆடாமல் நிற்க இரண்டு வேண்டும். இரண்டு போட்டால் 46 மி.மீ. போச்சு, சீலுக்கு மறுபடியும் அதே 14. சீல் வைத்தே வரும் ஸ்பெரிகலும் உண்டு, நல்ல சாமான். ஆனால் 40 மி.மீ. துளைக்கு அதன் அகலம் 23-லிருந்து 28 ஆகிவிடும். இரண்டு வைத்தால் 56. எங்கே வைப்பது?

டேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 32008 என்பது 40 உள், 68 வெளி, 19 அகலம். இரண்டை எதிரெதிராக வைத்தால் 38 மி.மீ. சீலுக்கு 22 மிச்சம். 90-க்குப் பதில் 68 மி.மீ. துளை போதும் என்பதால் ரோலரின் சுவரும் தடிமனாக நிற்கும். லோடு ஒவ்வொன்றுக்கும் ஐம்பதுக்கு மேல். வரப்பு ஏறி 'தொப்'பென்று இறங்கும் அடிக்கு ஸ்டாட்டிக் லோடுதான், அதாவது ரேஸில் பள்ளம் விழாமல் தாங்கும் சுமைதான், முக்கியம். 6308-க்கு அது வெறும் 24, இதற்கு எழுபதை ஒட்டி வரும். ஸ்டாட்டிக் லோடு மட்டுமே பேசும் வண்டி ஒன்றும் நம்ம பக்கம் இருக்கிறது: திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு 96 அடி, 300 டன் என்பார்கள். ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது திருச்சி பெல். வருஷத்தில் சில மணி நேரம் உருளும் சக்கரத்துக்குக் கோடிச் சுற்றுக் கணக்கு எதற்கு?

டேப்பரில் தொல்லை ஒன்றே ஒன்று, ப்ளே வைப்பது, அதாவது அளவான ஆட்டம் விடுவது. நெல் டிரெய்லர் ஹப்பில் பார்த்திருப்பீர்கள். நூறு சிப்பம் ஏற்றினால் நாலு டன், கொள்முதல் நிலைய வாசலில் இரண்டு நாள் நின்றாலும் நிற்கும். அதன் ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். கை கனக்கும்போது நிறுத்தி, நட்டைக் கொஞ்சம் பின்வாங்கி, துளைக்கு நேராக்கி ஸ்பிளிட் பின் போட வேண்டும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கணும். "டைட்டா இருந்தாத்தான் அண்ணே நல்லது" என்று நீளக் குழாய் போட்டு முறுக்கும் பையன் யாராவது இருந்தால், பத்து கிலோமீட்டரில் ஹப் தொட முடியாமல் கொதிக்கும்.

சரி, மிச்சமான 22 மி.மீ.யில் என்ன வைப்பது? ஆயில் சீல் இரண்டை அடுத்தடுத்து வைக்கலாம். வைக்கோல் சீலை அறுக்கும் நாள் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நான் வைத்தது ஃப்ளோட்டிங் சீல். கண்ணாடி மாதிரி தேய்த்த இரண்டு இரும்பு வளையங்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ரப்பர் வளையம். இரும்பும் இரும்பும் முகத்தோடு முகம் உரசி ஓடும், ரப்பர் அவற்றைச் சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். அறுபட லிப் என்று எதுவும் கிடையாது. உள்ளே கிரீஸுக்குப் பதில் கெட்டியான கியர் ஆயில் ஊற்றிவிடலாம். நிமிடத்துக்கு 95 சுற்றில் எண்ணெய்ப் படலம் மெலிந்துதான் இருக்கும். மெல்லிய எண்ணெயில் செய்த சாதாரண வீல் கிரீஸ் இந்த வேகத்துக்குப் போதாது.

இதைவிட அழகான விடை ஒன்று இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரேனில் கம்பிக் கயிறு ஓடும் கப்பிக்கென்றே செய்த பேரிங்: உருளைகளைப் பிரித்துப் பிடிக்கும் கேஜ் கிடையாது, இரண்டு வரிசையிலும் உருளைகளை நெருக்கி அடைத்திருப்பார்கள், சீலும் உண்டு, பக்கவாட்டுத் தள்ளலையும் இரண்டு பக்கமும் வாங்கும். 40 உள், 68 வெளி, 38 அகலம். அந்த இரண்டு டேப்பரின் இடத்தில் அப்படியே உட்காரும், ப்ளே வைக்கும் வேலையும் இல்லை. கேஜ் இல்லாததால் உருளையும் உருளையும் உரசும், வேகத்துக்கு ஆகாது; நமக்கு வேகமே வேண்டாமே. காகிதத்தில் இதுதான் முதல். ஆனால் அறுவடை நடுவில் போனால்? நான் விசாரித்த கடைகளில் கையிருப்பு இல்லை, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நெல் சாய்ந்து கிடக்கும்போது எந்த விவசாயி ஒரு வாரம் காத்திருப்பார்? 32008 பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

கடைசியாக, பேரிங்கே இல்லாத ஒரு போட்டியாளர். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பதற்கு முன் பாமணியாற்றிலும் வாய்க்கால்களிலும் தூர்வாரும் பொக்லைன்களைப் பாருங்கள். இருபது டன் எடை, முழங்கால் சேறு. அதன் பாட்டம் ரோலரைத் திறந்தால் உள்ளே குண்டும் இல்லை, உருளையும் இல்லை. புஷ் என்ற வெறும் உலோகக் குழாய், எண்ணெய், ஃப்ளோட்டிங் சீல், அவ்வளவுதான். கரும்பாலையில் கரும்பு பிழியும் ரோலர்களும் காலங்காலமாக கன்மெட்டல் என்ற வெண்கலப் புஷ்ஷில்தான் சுற்றி வந்தன. மெல்ல ஓடும் கனத்துக்கு புஷ் நன்றாகவே தாங்கும், சுவரின் தடிமன் சில மி.மீ.தான். உருட்டத்தான் கூடுதல் பலம் வேண்டும், டீசல் கொஞ்சம் கூடும். எண்ணெய் வற்றினால் ஷாஃப்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அந்தப் பெல்ட் வண்டிக்கு வலது பக்க ரோலர்களில் டேப்பரும் இடது பக்கத்தில் கன்மெட்டல் புஷ்ஷும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே ஃப்ளோட்டிங் சீல், ஒரே எண்ணெய். வண்டிக்காரருக்கு இதில் அவ்வளவு சம்மதம் இல்லை. "என் வண்டிய வெச்சுப் படிக்கிறியா?" என்றார். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

குறுவை அறுவடை முடிந்ததும் போன வாரம் வண்டி வந்தது. பிளக்கைத் திறந்து எண்ணெயை வெள்ளைத் துணியில் வாங்கிப் பார்த்தேன். டேப்பர் பக்கம் ஊற்றினபோது இருந்த நிறம். புஷ் பக்கம் வெயிலில் பிடித்தால் மஞ்சளாகப் பொடி மின்னியது. தண்ணீர் இரண்டிலும் இல்லை. புஷ் பக்கத்து எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு பிளக்கை மூடினேன். சம்பா முடிந்து வரும்போது அந்தப் பக்கத்து ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும்.