மைனரா, எம்.ஜி.பி.யா, பெட்ஃபோர்டு லாரியா? பழைய பிரிட்டிஷ் வண்டி வாங்க நினைப்பவருக்கு ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் பழைய வண்டி ஒன்றை வாங்கி, பழுது பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டி மகிழ நினைப்பவர்கள் பெரும்பாலும் விளம்பரத்தில் கண்ட விலையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். உண்மையான செலவை அந்த விலை சொல்லாது. எந்த உதிரிபாகம் புதிதாகக் கிடைக்கும், எதைச் சொல்லிச் செய்வித்துக்கொள்ள வேண்டும், வண்டியை எங்கே நிறுத்துவது ஆகிய மூன்று கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன. மோரிஸ் மைனர் என்ற சிறிய குடும்பக் கார், எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார், 1940-களின் பெட்ஃபோர்டு ஓ வகை லாரி ஆகிய மூன்றையும் இந்தக் கேள்விகளை வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி குறுகலாகத் தெரிந்ததால் அதை நடுவில் அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தினார் என்பது கார் பிரியர்கள் அனைவரும் அறிந்த கதை; பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த அறுவையின் அடையாளம். பத்து லட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். இதன் ஏ வரிசை எஞ்சின் மினி உள்ளிட்ட பல கார்களிலும் பொருத்தப்பட்டதால், இன்றும் வால்வு முதல் வாட்டர் பம்ப் வரை எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. 1962-க்குப் பின் வந்த 1098 சி.சி. வண்டியே இன்றைய சாலைக்கு ஏற்றது. 1956 வரை வந்த 803 சி.சி. வண்டி மேட்டில் மூச்சு வாங்கும்.

மைனரின் பெயர்பெற்ற பலவீனம் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ட்ரனியன் என்ற மரைப்பகுதி. அதற்கு முறையாகக் கிரீஸ் போடாவிட்டால் மரை தேய்ந்து கழன்று, சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்துகொள்ளும். பளபளக்கும் பெயின்டைப் பார்த்து மயங்குபவர், கிரீஸ் போட்ட கணக்கு விற்பவரிடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். மரச்சட்டம் தெரியும் டிராவலர் வகையில் கவலை இன்னொன்று கூடுகிறது: அந்த ஆஷ் மரம் அலங்காரம் அன்று, பின்பாதி உடலைத் தாங்குவதே அதுதான். அது உளுத்துப்போனால் வெல்டிங் தெரிந்தவருக்குப் பதில் தச்சரைத் தேட வேண்டியிருக்கும். இவற்றை மீறி இந்த எஞ்சின் எவ்வளவு பொறுமையானது என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது, சில துளி பெட்ரோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்களில் மைனரும் இருந்தது.

எம்.ஜி.பி.யை உரிமையாளரின் கண்ணால் பார்த்தால் மூன்றிலும் சுலபமானது அதுவே. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்த 1798 சி.சி. காருக்கு, 1988 முதல் முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருப்பதால், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட மைனரைவிட நெரிசலில் மனநிம்மதியும் அதிகம். ஆயினும் கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதிதான் கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பு. அது துருப்பிடித்திருந்தால், மேலே புதுத் தகடு ஒட்டி மறைத்திருப்பார்கள். கதவைத் திறந்து மூடும்போது இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்ப்பதே அதைக் கண்டுபிடிக்கும் எளிய வழி. 1974-இல் அமெரிக்க விதிகளுக்காக ரப்பர் பம்பர் மாட்டி உயரத்தைக் கூட்டிய வண்டிகளைப் பலர் ஏளனம் செய்கிறார்கள். அந்த ஏளனத்தால் அவை மலிவாகக் கிடைக்கின்றன என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

லாரியின் கணக்கே வேறு. பெட்ஃபோர்டு ஓ வகை 1939-இல் வெளிவந்தது, 3519 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. இதன் பேருந்து வடிவமான ஓ.பி., போருக்குப் பிந்தைய ஆங்கில நாட்டுப்புறச் சாலைகளின் அடையாளமாகவே ஆனது. பல லாரிகளுக்குச் சேசி எனும் அடிச்சட்டமும் முன்பகுதியும் மட்டுமே பெட்ஃபோர்டிடமிருந்து வந்தன; பின்னாலுள்ள சுமைமேடையை வேறு வேறு பட்டறைகள் வாங்குபவரின் தேவைக்கேற்பக் கட்டிக் கொடுத்தன. ஆகவே பக்கத்து லாரியின் பலகை உங்கள் லாரிக்குப் பொருந்தாது. அளவெடுத்துச் செய்ய வேண்டும். பாகங்களுக்காக இரண்டாவது லாரி ஒன்றை வாங்கிப் போட்டுவைப்பதும் இந்த வட்டாரத்தில் சாதாரணம். கியர் மாற்றுவதற்கு இரட்டைக் கிளட்ச் பழக்கம், அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இருமுறை அழுத்தும் பழக்கம் வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது இடையில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்காவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறும். வழியில் நின்றுபோனால் தூக்கிச் செல்லும் சேவைகள் பலவற்றில் எடை, நீள வரம்பு உண்டு என்பதையும் முன்னரே விசாரித்துவைக்க வேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாகச் சட்டம் லாரிக்காரருக்கு எதிர்பாராத சலுகை அளிக்கிறது. 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை; பெரிய மாற்றம் செய்யப்படாதிருந்தால் 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. லாரி என்றாலே தனி உரிமமும் கனரகச் சோதனையும் வேண்டும் என்று பயந்து விலகுபவர்கள் ஏராளம். ஆனால் 1960 ஜனவரி 1-க்கு முன் உற்பத்தியாகிப் புழக்கத்துக்கு வந்த சரக்கு லாரியைச் சுமையின்றி ஓட்டினால், கார் உரிமமே போதும். கனரகச் சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு. சுமை ஏற்றுவதற்கென்றே பிறந்த வண்டியை வெறுமையாக ஓட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் வேடிக்கை; நண்பருக்கு உதவியாக நாலு மூட்டை சிமென்ட் ஏற்றினால் அந்த விலக்கு போய்விடும். சோதனை இல்லை என்பதற்காகப் பழுதுள்ள வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரலாம் என்று பொருளில்லை. பிரேக் பிடிக்காவிட்டால் பொறுப்பு உரிமையாளருடையதே.

எரிபொருள் மூன்றுக்கும் பொதுவான தலைவலி. 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுவதால், அது அரித்துவிடக்கூடிய பழைய ரப்பர் குழாய்களை மாற்றுவதோ, எத்தனால் குறைந்த உயர்ரக பெட்ரோலை ஊற்றுவதோ தவிர்க்க முடியாதது. 3519 சி.சி. எஞ்சினுக்கு அந்த உயர்ரக பெட்ரோலை ஊற்றும்போதுதான் பர்ஸ் வலிக்கும்.

மகிழ்ச்சி என்று வரும்போது என் மனம் லாரியின் பக்கமே சாய்கிறது. ஆண்டுதோறும் மே மாத முதல் ஞாயிறன்று பழைய வர்த்தக வண்டிகள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலமாகச் செல்லும் வழக்கம் 1962-இல் தொடங்கியது. எம்.ஜி.பி.யைப் பார்ப்பவர் அழகான கார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். லாரியைப் பார்ப்பவரோ, கதவில் கையால் எழுதிய பழைய மாவு மில்லின் பெயரைப் படித்து, தன் தாத்தா ஓட்டிய வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் என் வீட்டுக் கொட்டகையின் கதவு 7 அடி அகலம். பெட்ஃபோர்டு அதற்குள் நுழையாது. இப்படி ஆசை லாரியிலும் இடம் காரிலுமாகத் தவிப்பவர்களுக்கு 1953 முதல் வந்த மைனர் வேன் இருக்கிறது. காரின் எஞ்சினும் கியரும் அதில் அப்படியே உள்ளன. காரில் இல்லாத தனிச் சேசி இருப்பதால் வெல்டிங் வேலையும் எளிது. தபால் துறைக்காகச் செய்யப்பட்ட தொடக்ககால வேன்களில் முன் மட்கார்டுகள் ரப்பராலானவை; அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் விலை பேசத் தயங்க வேண்டாம். பெரும்பாலான வேன்கள் உழைத்து உழைத்தே ஓய்ந்துபோனவை என்பதால், பார்க்கப் போகும்போது பின் ஸ்பிரிங்குகள் சேசியில் மாட்டியிருக்கும் இடத்தை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்ப்பது நல்லது.