சினிமா ஆங்கிலம்: சொற்பட்டியலா, படத்தின் இறுதியில் ஓடும் பெயர்களா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் காட்சித் தொடர்பியல் படிக்க விரும்பும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். திரைத்துறை ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யலாமா, ஆங்கிலப் படத்தின் இறுதியில், அவரவர் செய்த வேலையின் பெயரோடு சேர்ந்து ஓடும் பெயர்களைப் பார்த்துக் கற்கலாமா?

செலவு: பட்டியலுக்கு ஒரு நோட்டு போதும். பெயர்களைப் பார்க்கக் கைபேசியும் டேட்டாவும் வேண்டும்.

நேரம்: வடசேரியில் பஸ் ஏறித் தக்கலையில் இறங்குவதற்குள் பட்டியலில் பத்துச் சொல் படித்துவிடலாம். பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு மாலைக்கு மூன்றுதான்.

மனத்தில் பதிவது: பெரிய வேறுபாடு இங்கேதான். 'பெஸ்ட் பாய்' என்பதற்கு நேரே ஒரு மாணவி 'சிறந்த பையன், விருது' என்று பச்சை மையில் எழுதி வைத்திருந்தாள். படத்தில் அந்தச் சொல் 'காஃபர்' என்பதன் அருகே வரும். காஃபர் ஒளியமைப்புக் குழுவின் தலைவர். பெஸ்ட் பாய் அவருடைய முதன்மை உதவியாளர். திரையில் பார்த்த அன்றே அவள் அந்த வரியை அடித்துத் திருத்திவிட்டாள். 'ஃபோலி'யும் அப்படித்தான். காலடி ஓசை, துணி உரசும் ஓசை ஆகியவற்றை ஸ்டுடியோவில் மறுபடி உருவாக்கும் கலை அது. ஜாக் ஃபோலி என்ற கலைஞரின் பெயரால் வந்தது.

உச்சரிப்பு: இரண்டுமே உதவாது. ஒலியுள்ள அகராதி வேண்டும்.

அடுத்த வாரம் நுழைவுத் தேர்வு என்றால் பட்டியலே சரி. சென்னையிலோ கொச்சியிலோ படப்பிடிப்புக்கு வேலைக்குப் போகிறவர்கள், இன்றிரவே ஒரு படத்தின் கடைசி ஐந்து நிமிடங்களிலிருந்து தொடங்குங்கள்.