24-ஆ, 26-ஆ? தண்டையார்பேட்டையில் ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் பழகியவனின் அனுபவம்

தெருவில் இருக்கும் படி, மதில், பிளாட்பார விளிம்பு மேல் சைக்கிளிலேயே ஏறி, குதித்து, சமநிலையில் நிற்கும் வித்தைதான் ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ். அதைப் பழக ஆசைப்படுகிற பசங்க முதலில் கேட்பது சக்கர அளவைத்தான். நான் வருஷக்கணக்காக ஓட்டுவது 24 அங்குலம். அண்ணன் மகன் பழகியது 26-ல். இரண்டும் ஒரே வாசலில் நிற்பதால் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம்.

20 அங்குலத்தை முதலிலேயே கழித்துவிடலாம். யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) நடத்தும் ட்ரையல்ஸ் போட்டிகளில் 20, 26 என்று இரு பிரிவு உண்டு, ஆனால் அந்த வண்டிகளில் சீட்டே இருக்காது; அது வேறு விளையாட்டு. கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் விரைவுச்சாலையில் சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் ஹேண்டில்பார் கையைப் பிடுங்கும். பழகும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே தோள் விட்டுப்போகும்.

24-ன் சுகம் பின்சக்கரத்தில் நிற்கும்போதுதான் தெரியும். சக்கரம் சின்னது என்பதால் ஃபிரேமின் பின்பகுதியைக் குட்டையாகச் செய்ய முடிகிறது. இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாலே முன்பக்கம் எழுந்துவிடும். 180 டிகிரி திருப்பம் சீக்கிரம் கைவரும். ஸ்போக்ஸ் கம்பி நீளம் குறைவு. கோணலாக இறங்கினாலும் ரிம் அவ்வளவு லேசில் கோட்டம் விழாது. ஸ்காட்லாந்து ட்ரையல்ஸ் வீரர் டேனி மெக்கஸ்கில் 2009-ல் எடின்பரோ வீடியோவில் ஓட்டியதும் 24 அங்குலம்தான். அதைப் பார்த்துக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன்.

26 வேறு மாதிரி. பிளாட்பார விளிம்பில் முன்சக்கரம் முட்டி நிற்காமல் ஏறிவிடும். அசையாமல் நின்று சமநிலை பழகவும் அதுதான் பதமானது. ஆனால் வண்டியைக் காற்றில் திருப்ப பையன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஓட்டுவது ஒரு பக்கம். வடசென்னையில் இதைத் தீர்மானிப்பது டயர்தான். 24 அங்குல டயர் தெருமுனைக் கடையில்கூடத் தொங்கும், எல்லாம் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கானது. பக்கச்சுவர் மெல்லிசு. மதில் விளிம்பில் ஒருமுறை அழுத்தி இறங்கினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை. எங்கள் மெக்கானிக் அண்ணன் டியூபைத் தூக்கிப் பிடித்து, "இன்னா தம்பி, பசங்க டயரப் போட்டுக்கினு செவுத்துல குதிச்சா அது இன்னா பண்ணும்?" என்றார். அதற்கப்புறம் 2.4 அங்குல அகலத்தில் தடித்த டயரை வெளியூரிலிருந்து வரவழைக்கிறேன். வந்து சேரும்வரை வண்டி மூலையில் கிடக்கும். 26-க்கு இந்தத் தொல்லை குறைவு. புது எம்டிபிகள் (மலை சைக்கிள்கள்) 27.5, 29 அங்குலம் என்று போய்விட்டாலும் பழைய வண்டிகள் ஏராளம் ஓடுவதால் தடித்த டயர், ரிம், ஸ்போக்ஸ் கம்பி எல்லாம் பாரிமுனைப் பக்கம் கிடைத்துவிடும்.

எதை வாங்கினாலும் டயரின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள்; டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் அது, மில்லிமீட்டரில். 24-க்கு 507, 26-க்கு 559 இருக்க வேண்டும். 24 என்றே பேர் போட்ட 540 டயரும், 26 என்று விற்கும் 590 டயரும் உண்டு. அவை இந்த ரிம்மில் உட்காரவே உட்காராது.

கடல் காற்றில் துரு இரண்டையும் ஒரே மாதிரிதான் தின்கிறது. செயினுக்கு எண்ணெய், ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

என் கணக்கு இது: ஒரே வண்டியில் கடைக்கும் போய் வந்து மாலையில் பழகவும் வேண்டுமென்றால் 26. பழகுவதற்கென்றே தனி வண்டி, உயரமும் நடுத்தரம், டயருக்குக் காத்திருக்கப் பொறுமையும் உண்டு என்றால் 24. வாங்கும்போதே கூடுதலாக ஒரு ஜோடி டயர் சொல்லிவிடுங்கள்.