எல் ஃபரோல் மாதிரி: ஆறு ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பிறகு

வேறொரு கல்லூரியில் பொருளியல் நடத்தும் நண்பர் போன வாரம் கேட்டார்: "எல் ஃபரோலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைக்கலாமா?" விடைத்தாள் கட்டு மேசையில் இருந்த நேரம். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை.

பொருளியலாளர் பிரையன் ஆர்தர் 1994இல் எழுதிய கணக்கு இது. அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரத்தில் எல் ஃபரோல் என்ற மதுக்கூடம், வியாழக்கிழமை இசை, போவதா வேண்டாமா என்று வாரந்தோறும் தீர்மானிக்கும் 100 பேர். 60 பேருக்கு மேல் வந்துவிட்டால் நெரிசல், போனது வீண். யாரும் யாரையும் கலந்து பேச முடியாது.

கணினியைத் திறப்பதற்கு முன் துண்டுச் சீட்டில் நடத்துவேன். 20 மாணவர்கள், எல்லை 12. கரும்பலகையில் ஒவ்வொரு தடவையும் போகிறவர்களின் எண்ணிக்கை 15, 7, 16 என்று ஏறும். "போன தடவை நெரிசல், இந்தத் தடவை யாரும் வரமாட்டார்கள், நான் போகிறேன்" என்பாள் ஒருத்தி. "எல்லாரும் அப்படித்தானே நினைப்பார்கள்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். வகுப்பு அப்படியே அடங்கிவிடும். எல்லாரும் நம்பினால் அந்த நம்பிக்கையே கணிப்பைப் பொய்யாக்கிவிடும் என்பதை இவ்வளவு வேகமாகப் புரியவைக்க எனக்கு வேறு வழி கிடைத்ததில்லை.

எரிச்சல் அந்த 60தான். கணினியில் ஒவ்வொருவருக்கும் சில ஊக விதிகள் கொடுக்கிறோம்: போன வாரம் வந்த அளவே வரும், கடைசி நான்கு வாரச் சராசரி, 50ஐ நடுவாக வைத்துப் போன வார எண்ணுக்கு எதிர்ப்பக்கம் (35 என்றால் 65). அண்மையில் பலித்த விதியை அவரவர் பின்பற்றுகிறார்கள். வருகை ஏறி இறங்கினாலும் சராசரி 60ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. "ஆளுக்கு 60 சதவீத வாய்ப்பில் போனாலும் இதே எண்தானே, ஐயா? விளையாட்டுக் கோட்பாடு அதை முன்பே சொல்லிவிட்டதே" என்று ஆண்டுதோறும் ஒருவன் கேட்கிறான். நியாயமான கேள்வி; பிறர் முடிவைப் பொறுத்து நம் முடிவு அமையும் நிலைகளை ஆராய்வதுதான் அந்தக் கோட்பாடு. விதிகளை யார் தேர்ந்தெடுத்தது என்றால், நாம்தான், அதுவும் உறுத்துகிறது.

ஆனால் அந்தக் கோட்பாடு வருகை நிற்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, முன்பின் தெரியாத 100 பேர் அங்கே வந்துசேர்ந்த வழியைச் சொல்வதில்லை. இந்தக் கணினி மாதிரியிலோ சராசரியாக 40 சதவீதக் கணிப்புகள் 60க்கு மேலும், மீதி கீழும் தாமாகப் பிரிந்துகொள்கின்றன. எந்த விதி எந்தப் பக்கம் என்பது மட்டும் வாரந்தோறும் மாறுகிறது. ஆறு ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

இந்த முறை 43 விடைத்தாள்களில் 31, "சராசரி 60" என்று எழுதி, அடிக்கோடிட்டு, முடிந்திருக்கின்றன. வந்த வழியைப் பற்றி ஒரு வரி இல்லை.

நண்பருக்கு என் பதில்: இரண்டாம் ஆண்டுக்கு வேண்டாம். நானும் அடுத்த பருவப் பாடத்திலிருந்து அதை நீக்கிவிட்டேன்.