நாய்களுக்கான நார்ச்சத்துப் பொடி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நாய் தன் பின்புறத்தை ஓயாமல் நக்கத் தொடங்கியதும் தீர்வு தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுவது, குதச்சுரப்பி நலத்துக்கென்று விற்கப்படும் நார்ச்சத்துப் பொடிதான். அன்றாட உணவில் கரண்டிக் கணக்கில் கலந்து கொடுக்கும் இந்தப் பொடியைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையுடன் எங்கள் நாய்க்குத் தொடர்ந்து கொடுத்து வருகிறேன். அதற்குக் கண்கூடாக நன்மை கிடைத்திருக்கிறது. ஆயினும் ‘நக்குவதை நிறுத்தும்’ என்று டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை ஏற்க எனக்கு மனமில்லை. இந்தப் பொடி மலத்தைச் சீர்செய்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. மலம் சீரில்லாததால் நக்கும் நாய்க்கு இது நல்ல துணை. வேறு காரணத்தால் நக்கும் நாய்க்கு இதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் முற்றுவதற்கு நாமே அவகாசம் அளித்ததாகிவிடும்.

பொடி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய, அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாயின் ஆசனவாய்க்கு இருபுறமும், கடிகார முகப்பில் 4, 8 ஆகிய எண்கள் இருக்கும் இடங்களில், தோலுக்கு உள்ளே குதச்சுரப்பிகள் அல்லது குதப்பைகள் எனப்படும் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. கடும் நாற்றமுள்ள திரவம் ஒன்று அவற்றில் சுரந்து சேர்கிறது. ஒரு நாய் மற்றொரு நாயை அடையாளம் காண உதவும் மணங்களில் அதற்கும் பங்குண்டு. கெட்டியான, பருமனான மலம் வெளியேறும்போது இந்தப் பைகளை அழுத்துவதால் திரவம் நுண்குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடுகிறது. மலம் இளகியிருந்தால் அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. தேங்கிய திரவம் நாளடைவில் குழைவாகி, குழாயை அடைத்து, உறுத்தலைத் தருகிறது. நாய் நக்குகிறது, அல்லது பின்புறத்தைத் தரையில் தேய்த்தபடி உட்கார்ந்தவாறே நகர்கிறது. கவனிக்காமல் விட்டால் அடைப்பு அழற்சியாகி, சீழ்க்கட்டியாகி, தோலைப் பிளந்துகொண்டு உடையவும் கூடும். சிறிய இன நாய்களிலும் உடல் பருத்த நாய்களிலும் இந்தத் தொல்லை அதிகம் காணப்படுகிறது.

ஆகவே மலத்துக்குப் பருமனும் திடமும் கொடுப்பதுதான் இந்தப் பொடியின் நோக்கம். இசப்கோல் உமி, உலர்ந்த பூசணித் தூள், ஆப்பிள் நார், குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரிகள், நாய் விரும்பி உண்பதற்காக ஈரல் தூள் ஆகியவை சேர்ந்த கலவை நான் வாங்குவது. இவற்றில் உண்மையான வேலையைச் செய்வது, தண்ணீரை உறிஞ்சிக் கூழாக விரியும் இசப்கோல்தான் என்பது என் கணிப்பு. டப்பாவின் பின்புறத்தில் ‘கச்சா நார்’ என்று தரப்படும் விழுக்காட்டை மட்டும் வைத்து இரண்டு பொடிகளை ஒப்பிடக் கூடாது; கரையும் நாரில் பெரும்பகுதி அந்த அளவீட்டு முறையில் சிக்குவதில்லை என்பதால், இசப்கோல் மிகுந்த நல்ல பொடி ஒன்று காகிதத்தில் ஏழையாகத் தோன்றலாம். மூலப்பொருள் பட்டியலில் எது முதலில் நிற்கிறது என்று பார்ப்பதே மேல். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்களுக்கு நஞ்சு என்பதால், மனிதர்களுக்கென்று சுவையூட்டி விற்கப்படும் நார்ப்பொடியை இதற்கு மாற்றாகக் கொடுக்க நினைப்பவர்கள் அந்தப் பட்டியலை இருமுறை படிக்க வேண்டும்.

எங்கள் நாயிடம் முதலில் மாறியது மலம். இளகலாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தது உருண்டு திரண்டு வரத் தொடங்கிய பிறகே நக்குவது படிப்படியாகக் குறைந்தது. அந்த வரிசையே பொடி சரியான காரணத்தைத் தொட்டிருக்கிறது என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தது. குறைகளும் இருக்கின்றன. உடல் எடைக்கேற்ற அளவைக் காட்டும் அட்டவணை மிகப் பரந்த படிகளாக இருப்பதால், ஒரே படியின் இரு முனைகளில் இருக்கும் நாய்களுக்கு ஒரே அளவு என்றாகிவிடுகிறது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தாவிட்டால் வயிற்றில் காற்று சேரும். தண்ணீர் சேர்க்காமல் உலர்வாகத் தூவினால் மலச்சிக்கலே வந்துவிடலாம். இத்தனை முக்கியமான குறிப்பை டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒதுக்கியிருப்பது பொறுப்பான செயலன்று.

இனி, இதை வாங்கக் கூடாதவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வால் அடியிலும் தொடையிலும் ரோமம் உதிர்ந்து, அங்கேயும் நாய் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு; தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் பரவும் அந்தப் புழுவுக்கு மருந்துதான் வேண்டுமே தவிர நார் போதாது. பின்புறத்தோடு காதுகளிலும் பாதங்களிலும் அரிப்பு இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஏறத்தாழ 8 வாரங்கள் கட்டுப்பாடான உணவு மட்டுமே கொடுக்கும் சோதனை நடக்கும்போது, ஈரல் மணம் ஊட்டிய இந்தப் பொடி ஒரு சிட்டிகை சேர்ந்தாலும் சோதனை கெட்டுவிடும். ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் ஆசனவாயைச் சுற்றிப் புண்புரை, அதாவது எளிதில் ஆறாத துளைப்புண், தோன்றுவது அதிகம். கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்களில் அங்கே கட்டிகள் வளர்வதுண்டு. குதப்பையில் வரும் புற்றுநோய் சில நாய்களின் இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்துவதால், அவை வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கும். இவற்றையெல்லாம் விரலால் தொட்டுப் பரிசோதிக்கும் மருத்துவரால்தான் பிரித்தறிய முடியும். ஏற்கெனவே அடைத்துக்கொண்ட பையையும் அவரே பிதுக்கியோ கழுவியோ சுத்தம் செய்ய வேண்டும். பொடி அடைப்பைத் திறக்காது, மீண்டும் அடைபடும் வாய்ப்பைக் குறைக்க மட்டுமே உதவும்.

மலம் கழித்தபின் நாய் சிறிது நேரம் நக்கிச் சுத்தம் செய்துகொள்வது இயல்பானது; அதற்குப் பொடியும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். மருத்துவர் பரிசோதித்து, குதப்பை நிரம்புவதே காரணம் என்று உறுதிசெய்த, மலம் இளகிப் போகும் நாய்க்கு இந்தப் பொடியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: வீக்கம், இரத்தம், சீழ், மலம் கழிக்கும்போது வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் பொடியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எச்சரிக்கையை, ‘நக்குவதை நிறுத்தும்’ என்ற வாக்குறுதி இப்போது பிடித்திருக்கும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.