பாரிமுனை லூஸ் மசாலாவா, வீட்டுக் கலவையா? ஃப்ரைட் சிக்கன் பொடி விமர்சனம்

சென்னை பாரிமுனையில் மளிகை மொத்தக் கடைகள் இருக்கிற தெருக்களில் 'ஃப்ரைட் சிக்கன் மசாலா' என்று கேட்டால், சாக்கிலிருந்தோ பெரிய பிளாஸ்டிக் டப்பாவிலிருந்தோ ஒரு ஆரஞ்சு நிறப் பொடியை அள்ளி எடைபோட்டுத் தருவார்கள். கால் கிலோவும் கிடைக்கும், பத்து கிலோவும் கிடைக்கும். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் சாயங்கால வண்டிகளில் பக்கெட் சிக்கன் போடுகிறவர்களை மனதில் வைத்துக் கலக்கிய பொடி இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சிக்கன் 65 போடுவதற்கு வாங்கினால் கொடுத்த காசுக்குத் தாராளமாகத் தகும். அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி பக்கத்து ருசி வேண்டும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். அந்த ருசிக்கு வேண்டிய சாமான் அத்தனையும் அதே பாரிமுனையைச் சுற்றி ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும் என்பதால், வீட்டில் கலப்பதே புத்திசாலித்தனம்.

லூஸ் பொடியில் என்ன குறை? ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வையுங்கள். முதலில் உப்பு அடிக்கும், உடனே மிளகாய்க் காரம், கடைசியில் கிராம்பும் சீரகமும் மூக்குக்கு வரும். கிராம்பும் சீரகமும் வந்த பிறகு அது நம்ம ஊர் கறிமசாலாதான். அமெரிக்கத் தென் மாநிலக் கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் தூவிக் கலக்காமல் விடுங்கள். மிளகாயின் இயற்கை நிறம் மெதுவாகத்தான் இறங்கும். தூவிய உடனே ஆரஞ்சு கோடு கோடாக ஓடினால் சாயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மிளகாய்த்தூளில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் சாக்கில் லேபிள் இல்லாதபோது யாரைப் போய்க் கேட்பது? அடியில் வெள்ளையாகப் படிவது மாவு. எடையைக் கூட்ட அது நல்ல வழி.

இதைவிடப் பெரிய தொல்லை உப்பு பொடியோடேயே கலந்திருப்பது. இந்த வகைக் கோழிக்கு மசாலா இரண்டு இடத்தில் போக வேண்டும்: ஊறவைக்கிற மோரில் ஒரு பங்கு, மேல்மாவில் ஒரு பங்கு. உப்பு கலந்த பொடியை இரண்டிலும் போட்டால் கோழி கரிக்கும். கரிக்குமே என்று ஒரு இடத்தில் மட்டும் போட்டால் தோல் மணக்கும், சதை சப்பென்று இருக்கும். வண்டிக் கோழியில் பாதிக்குப் பாதி இப்படி மேலே காரமும் உள்ளே ஒன்றுமில்லாமலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சூப்பர் மார்க்கெட்டில் சீல் பண்ணி வருகிற பாக்கெட்டுகள் சுத்தத்தில் பரவாயில்லை. லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படி போட வேண்டும் என்பது விதி, அதனால் முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாக்கெட்டின் ஜாதகம் தெரிந்துவிடும். மைதா, சோள ஸ்டார்ச், உப்பு என்று ஆரம்பித்தால் நீங்கள் வாங்குவது மசாலா போட்ட மாவு. ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கிற பொருளின் எண். 621 என்றால் அஜினோமோட்டோ. 627, 631 அதற்குத் துணை போகிற சுவையூட்டிகள். 551 கட்டி பிடிக்காமல் இருக்க. எதுவும் பயப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் மிளகு எட்டாவது இடத்தில் இருக்கிற பாக்கெட்டை ஃப்ரைட் சிக்கன் மசாலா என்று சொல்ல மனசு வரவில்லை.

ஏனென்றால் இந்த ருசியின் முதுகெலும்பே மிளகுதான், அதிலும் வெள்ளை மிளகு. கேஎஃப்சியை ஆரம்பித்த கர்னல் சாண்டர்ஸின் 11 மசாலா ரகசியம் என்று காலம் காலமாகப் பேசுகிறார்கள் இல்லையா, 2016-ல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை, அவருடைய உறவினர் ஒருவர் காட்டிய குடும்ப ஆல்பத்தில் கையால் எழுதியிருந்த ஒரு பட்டியலை வெளியிட்டது. இதுதான் எங்கள் செய்முறை என்று கேஎஃப்சி கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அளவுகள் கவனிக்க வேண்டியவை: 2 கப் மாவுக்கு பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) 4 டேபிள்ஸ்பூன், வெள்ளை மிளகு 3 டேபிள்ஸ்பூன், கருப்பு மிளகு 1. நிறத்துக்குப் பாப்ரிகா, காரத்துக்கு வெள்ளை மிளகு என்பது தெளிவு. பழுத்த மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலை நீக்கினால் வெள்ளை மிளகு. தோலோடு மேல் வாசனை போய்விடும், காரம் அப்படியே நிற்கும். மென்று முழுங்கிய பிறகு தொண்டையின் பின்னால் மெதுவாக ஏறுகிற அந்தச் சூடு மிளகாயில் வராது. அதற்காக 3 டேபிள்ஸ்பூனை அப்படியே போட்டுவிடாதீர்கள், வாய் கரகரத்துப் போகும். மூன்றில் ஒரு பங்கு போதும்.

சாமான் வாங்கும் இடம். வெள்ளை மிளகு, சுக்கு, ஓமம் மூன்றுக்கும் பார்க் டவுன் ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளே போதும். வெள்ளை மிளகு தந்த நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் விட்டுவிடுங்கள். கையில் நாலு எடுத்து முகருங்கள். லேசான புளித்த வாடை இயல்பு, மாட்டுக்கொட்டகை நாற்றம் அடித்தால் ஊறல் சரியில்லை. பொரித்தாலும் அந்த நாற்றம் போகாது. பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய். மஞ்சள் கடுகும் அதுவும் சவுகார்பேட்டை மிண்ட் தெருப் பக்கத்து வட இந்திய மளிகைக் கடைகளில் கேளுங்கள். நம்ம தாளிக்கிற கருங்கடுகு அரைத்தால் கசக்கும். பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, தைம், ஆரிகேனோ என்கிற காய்ந்த வாசனை இலைகள், செலரி விதை எல்லாம் பாட்டிலில் வருகின்றன. அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்காரர்கள் போடுகிற வறுத்த பூண்டு ஊர் முழுக்கக் கிடைக்கிறதே, அதைப் பொடித்துப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஏற்கெனவே எண்ணெயில் சிவந்த பூண்டு, இரண்டாம் முறை எண்ணெய்க்குள் போனால் கருகும்.

தைம் கிடைக்கவில்லை என்றால் ஓமம். இரண்டின் வாசனைக்கும் அடிப்படை தைமால் என்ற ஒரே பொருள், அதனால் மாற்று பொருந்தும். ஓமத்தில் அது காட்டமாக இருக்கும். 2 கிராம் தைமுக்கு அரை கிராம் ஓமம், அதற்கு மேல் போனால் கோழி முறுக்கு வாசனை அடிக்கும்.

ஒன்றரை கிலோ கோழிக்கான கலவை, உப்பு இல்லாமல்: காஷ்மீரி மிளகாய்த்தூள் 16 கிராம், வெள்ளை மிளகு 10, பூண்டுப் பொடி 10, கருப்பு மிளகு 6, வெங்காயப் பொடி 6, மஞ்சள் கடுகு 4, சுக்கு 3, தைம், ஆரிகேனோ, செலரி விதை, காரமான குண்டூர் மிளகாய்த்தூள் தலா 2. மொத்தம் 63 கிராம் வரும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. ஸ்பூன் கணக்கு நம்பகமில்லை, ஏனென்றால் ஒரு ஸ்பூன் தைமும் ஒரு ஸ்பூன் மிளகுத்தூளும் எடையில் ஒன்றல்ல.

அரைக்க மாவு மில்லுக்குக் கொண்டுபோக வேண்டாம். இவ்வளவு குறைந்த அளவை அங்கே எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் முன்னால் அரைத்தவருடைய மல்லியும் மஞ்சளும் உங்கள் பொடியில் வந்துவிடும். மிக்ஸியில் 22 கிராம் சாமான் பிளேடில் படாமல் ஓரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் எல்லோருக்கும் வருகிற சிக்கல். மேல்மாவுக்கு எடுத்து வைத்த மைதாவில் ஒரு டேபிள்ஸ்பூனைச் சின்ன ஜாரில் சேர்த்துவிடுங்கள், நன்றாகப் பிடித்து அரைபடும். இரண்டு வகை மிளகு, கடுகு, செலரி விதை இவற்றை மட்டும் அரைத்தால் போதும். ஐந்து ஐந்து விநாடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜார் சூடானால் வாசனை மூடியைத் திறக்கும்போதே போய்விடும். சுக்கை முதலில் தட்டி நார் எடுத்துத் தனியாக அரைத்துச் சலிக்க வேண்டும். அரைத்ததை மெல்லிய சல்லடையில் சலித்து, மற்ற பொடிகளைச் சேர்த்து, தைமையும் ஆரிகேனோவையும் உள்ளங்கையில் கசக்கிப் போடுங்கள். சலிக்காமல் விட்ட மிளகுக் குருணை எண்ணெயில் கரும்புள்ளியாகிக் கசக்கும்.

இனி பயன்படுத்துவது, 1 கிலோ கணக்கில். கோழிக்கடையில் கேட்காவிட்டால் பெரும்பாலும் தோலை உரித்துத்தான் தருவார்கள். "அண்ணே, தோலோட எட்டு பீஸ், லெக்கும் தொடையும் தனித்தனியா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோல் இல்லாத கோழியில் மேல்மாவு ஒட்டினாலும் சதை வறண்டுவிடும். அமெரிக்கர்கள் பட்டர்மில்க் என்பது நம்ம நீர்மோர் இல்லை, கெட்டியானது. புளிக்காத தயிர் 225 கிராமில் 75 மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்தால் அந்தப் பதம். அதில் உப்பு 15 கிராம், கலவை 12 கிராம். அஜினோமோட்டோ போடுகிறவர்கள் 3 கிராம். போடாதவர்கள் விட்டுவிடலாம், ஆனால் கடை ருசி ஏன் வரவில்லை என்று அப்புறம் கேட்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் 4 முதல் 8 மணி நேரம். புளித்த தயிரில் ராத்திரி முழுக்க ஊறினால் மேல் சதை கொழகொழத்துவிடும்.

மேல்மாவுக்கு மைதா 250 கிராம், கார்ன்ஃப்ளார் 50, கலவை 30, உப்பு 6. ஊறிய மோரில் மூன்று ஸ்பூன் எடுத்து இந்த மாவில் தெளித்து விரலால் உதிர்த்துவிட்டால் சின்னச் சின்ன உருண்டைகள் வரும். பொரித்த பிறகு கடைக் கோழி மாதிரி சொரசொரப்பாக நிற்பது அவைதான். கோழியை எண்ணெயில் போடும் முன் அந்த ஈர மாவில் சுண்டைக்காய் அளவு எடுத்துப் பொரித்து வாயில் போட்டுப் பாருங்கள். உப்பு, மிளகு எது குறைந்தாலும் அப்போதே சரிசெய்துகொள்ளலாம். மாவு புரட்டிய துண்டுகளைக் கம்பி ஜல்லியிலோ இடியாப்பத் தட்டிலோ 15 நிமிடம் வைக்க வேண்டும். மாவு ஈரத்தை இழுத்துப் பிடிக்க அந்த நேரம் தேவை. அவசரப்பட்டால் மேல்மாவு கழன்று எண்ணெயில் தனியாக மிதக்கும்.

ரீஃபைண்ட் கடலை எண்ணெய் சரி, செக்கெண்ணெய் வேண்டாம். இந்தச் சூட்டுக்குச் செக்கெண்ணெய் புகைய ஆரம்பித்துவிடும், நுரையும் கட்டும். எண்ணெய் 170 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது மூன்று, நான்கு துண்டுக்கு மேல் போடாமல், போட்ட பின் 150-க்கும் 160-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். லெக், தொடை 13 முதல் 15 நிமிடம், விங்ஸ் 9 அல்லது 10. எலும்பை ஒட்டிய இடத்தில் தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்ட வேண்டும். ஐந்தாவது நிமிடத்திலேயே அடர் சிவப்பாகிவிட்டால் எண்ணெய் சூடு அதிகம். மிளகாயும் பூண்டும் மாவைவிடச் சீக்கிரம் கருகும், மேலே கசந்து உள்ளே ரத்தம் கசியும். ஃப்ரிட்ஜ் குளிரோடு போட்டாலும் எலும்புப் பக்கம் வேகாது, அதனால் 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். நம்ம ஊர் வெயிலில் அதற்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

சேமிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஊருக்கு எழுதியதாகாது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோரக் காற்றில் பூண்டுப் பொடியும் வெங்காயப் பொடியும் ஈரம் இழுத்துக் கல்லாகிவிடும். உப்பைக் கலவையில் சேர்க்காததற்கு இதுவும் ஒரு காரணம், உப்பும் ஈரம் இழுக்கும். அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போடுவது ஓரளவுக்குத்தான் உதவும். கலவையை 42 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து, அதாவது ஒரு கிலோ கோழிக்கு ஒன்று, காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிர் விட்ட பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் வியர்த்துவிடும். இரண்டு மாதம் வரை மணம் குறையாது.

லூஸ் பொடி ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டியதில்லை. சாய சோதனையில் தேறியிருந்தால், 300 கிராம் மேல்மாவுக்கு அந்தப் பொடி 25 கிராம், புதிதாக அரைத்த வெள்ளை மிளகு 5, தைம் 1, பூண்டுப் பொடி 4. மாவில் தனி உப்பு வேண்டாம். மோரில் மட்டும் 12 கிராம் உப்பும் 3 கிராம் வெள்ளை மிளகும். கிராம்பு வாசனை போகாது, ஆனால் விருந்தாளிக்கு வைக்கலாம். புரட்டி மிச்சமான மாவைச் சலித்து அடுத்த நாளைக்கு எடுத்து வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பச்சைக் கோழி பட்ட மாவு அது, குப்பைக்குத்தான்.