யூஸ்நெட்: 15 வருடப் பழக்கம்

எஸ்எல்ஆர்என் என்ற சின்ன மென்பொருளில், தலைப்புவாரியான குழுக்களில் ஆட்கள் பதிவு போட்டுப் பேசிக்கொள்ளும் பழைய அமைப்பான யூஸ்நெட்டை வாசிக்கத் தொடங்கி 15 வருடம் ஆகிவிட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, தான் எழுதிவரும் அந்த இயங்குதளம் பற்றி காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் என்ற யூஸ்நெட் குழுவில் போட்ட பதிவைத் தேடிப் போனவன் நான். சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்று எழுதியிருந்தார் மனிதர். அப்புறம் அங்கேயே தங்கிவிட்டேன்.

காலையில் காபியோடு திறந்தால், சி நிரல்மொழி பற்றிய காம்ப்.லாங்.சி குழுவில் எத்தனை புதுப் பதிவு என்று காட்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

1979-இல் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த ஏற்பாடு இது. தலைமை சர்வர் கிடையாது. ஒரு கணினி தன்னிடம் வந்த பதிவை அடுத்த கணினிக்குத் தரும், அது இன்னொன்றுக்கு. முதலில் மோடம் வைத்து ஃபோன் போட்டுத்தான் கைமாற்றினார்கள். கட்டணம் குறைவு என்று பல இடங்களில் ராத்திரியில். இப்போது அந்த வேலையை இணையம் செய்கிறது, அவ்வளவுதான். அதனால், நான் காசு கட்டிய சர்வர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடியபோது வேறொரு இலவச சர்வரின் முகவரியைப் போட்டேன். அதே குழு, அதே ஆட்கள், பாதியில் விட்ட அதே சண்டை. ஆனால் பதிவுகளுக்கு ஒவ்வொரு சர்வரும் தனித்தனி எண் கொடுக்கும். நான் எதுவரை படித்தேன் என்ற கணக்கு மொத்தமும் குழம்பிப்போனது.

ஒருவரைப் பிடிக்கவில்லையா? எஸ்எல்ஆர்என்னில் பெரிய கே (K) எழுத்தை அழுத்தி, மைனஸ் 9999 மதிப்பெண் போட்டால் போதும். அவர் எழுதுவது கண்ணில் படாது, அவருக்கும் தெரியாது. யாராவது அவரை மேற்கோள் காட்டிப் பதில் எழுதும்போதுதான் மறுபடி தலை காட்டுவார்.

தமிழுக்கு இந்த மென்பொருள் சரிவராது. சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதினார்கள். யூனிகோட் வந்தும், எஸ்எல்ஆர்என் ஓடும் என் டெர்மினலில் (வெறும் எழுத்துத் திரை) கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிய்ந்து நிற்கிறது. புதிதாக வருபவர்கள் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் தொடங்கலாம், அதிலும் யூஸ்நெட் படிக்கலாம்.

ஸ்பேம்தான் பெரிய தலைவலி. பெரிய நிறுவனம் ஒன்றின் வலைத்தளம் யூஸ்நெட்டுக்குள் வர ஒரு வாசலாக இருந்தது, அதன் வழியே வருடக்கணக்கில் குப்பை கொட்டியது. 2024 பிப்ரவரியில் அந்த வாசலை அடைத்தார்கள். குழுக்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. கூடவே நாலைந்து பழைய ஆட்களையும் காணோம். அவர்களும் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள் போல.